500 மைக்ரான் பண்ணைக்குட்டை ஷீட்: நாய் நீந்தும் குளத்துக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் நாய் ஏறி வருகிற இடத்தில் மட்டும் தாங்காது. பண்ணைக்குட்டைக்கு விற்கும் கறுப்பு ஹெச்டிபிஈ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட்டை வாங்கிக் கொல்லையில் நாய்க்குளம் கட்ட நினைப்பவர்களுக்கு இதுதான் சுருக்கமான பதில். நாய் நீந்தும்போது நகம் ஷீட்டில் படுவதே இல்லை. களைத்துப்போய்க் கரையைப் பிடித்து ஏறும்போது பின்னங்கால் இரண்டும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பிராண்டும். அங்கேதான் கிழிகிறது. அதனால் 500க்குப் பதில் 750 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாங்குவதில் பெரிய லாபமில்லை. அந்தப் பணத்தை ஏறுதளத்தில் போடுங்கள்.

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டத்தில் 18 அடி நீளம், 8 அடி அகலம், ஆழமான இடத்தில் 3 அடித் தண்ணீர். லாப்ரடாரின் தோள் உயரம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 3 அடியில் தாராளமாக நீந்தும்; அதற்கு மேல் தோண்டுவது வீண் செலவு. நீளத்தில் பாதியை, அதாவது 9 அடியை, சரிவுக்கு விட்டுவிட வேண்டும். இடம் போகிறதே என்று இதைச் சுருக்கினால் மற்றதெல்லாம் கெட்டுப்போகும். 9 அடிக்கு 3 அடி இறக்கம் என்றால் கிழநாய்கூட நடந்து ஏறிவிடும். கொள்ளளவு சுமார் 9,000 லிட்டர், ஒரு நடுத்தர டேங்கர் லாரித் தண்ணீர்.

மழைக்கு அரை அடி விளிம்பு விட்டால் தோண்டும் ஆழம் மூன்றரை அடி. சரிவு தண்ணீருக்கு மேலேயும் தொடர்வதால் தரைமட்டத்தில் நீளம் கிட்டத்தட்ட 20 அடியாகிவிடும். ஷீட் அளவுக்குச் சூத்திரம் எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, அதோடு கரையில் புதைக்கப் பக்கத்துக்கு 2 அடி, அகலத்துக்கும் அப்படியே. இந்தக் குளத்துக்கு 31 அடிக்கு 19 அடி, கிட்டத்தட்ட 55 சதுர மீட்டர். ஷீட்டை ஒரே துண்டாக ஆலையிலேயே வெல்டிங் செய்து தரச் சொல்லுங்கள். ஹெச்டிபிஈயில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. கடைக்காரர் ஒரு டியூபைக் கையில் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்றால் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறுவது தடிமனில். 500 என்று அச்சடித்த ஷீட் 350 ஆக இருக்கும். விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடை போடுங்கள். இந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.94 கிராம். அதன்படி 500 மைக்ரானில் ஒரு சதுர மீட்டர் 470 கிராம், நம் ஷீட் முழுதும் 26 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். தராசு 18 கிலோ காட்டினால் அது 350 மைக்ரான். பழைய இரும்புக்கடைத் தராசு போதும் இதற்கு. இது நெசவில்லாத, வழவழப்பான ஷீட்டுக்கான கணக்கு. நெய்து மேலே பூச்சு கொடுத்த ஷீட்டும் பண்ணைக்குட்டைக்கு வருகிறது, அதற்கென்றே ஐஎஸ் 15351 தரநிலை இருக்கிறது. குட்டைக்கு அது சரி, நாய்க்கு அவ்வளவு சரியில்லை: நகம் பட்டு மேல்பூச்சு உரிந்தால் நூலிழை வழியாகத் தண்ணீர் கசியும், எங்கே கசிகிறது என்று தேடுவதும் பெரும்பாடு.

தோண்டும்போது தென்னை, மூங்கில் பக்கம் போகாதீர்கள். பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். மூங்கில் குருத்து ஷீட்டைக் கீழிருந்து குத்திக்கொண்டு வரும். பெருச்சாளியும் அப்படியே. சுற்றுச் சுவரை ஒட்டிப் பெருச்சாளி வளை இருக்கிற கொல்லையானால், அடியிலும் பக்கவாட்டிலும் கோழிவலையைக் கொடுத்து, அதன்மேல் மெத்தையாக ஏதாவது விரித்த பிறகே ஷீட். மெத்தைக்கு 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி வாங்கலாம். பாதிச் செலவில் முடிக்க வேண்டுமென்றால் பழைய ஃபிளெக்ஸ் பேனரை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். நூலிழை உள்ள பொருள், மண்ணுக்கடியில் வெயில் படாததால் மட்காது. வாழ்த்துச் சொன்ன முகங்களெல்லாம் கடைசியில் ஒரு வேலைக்கு ஆகும். தரைக்கு மட்டும் இரண்டு அங்குலம் சலித்த மணல். கரிசல் மண்ணாக இருந்தால் மணலை நான்கு அங்குலமாக்குங்கள், கோடையில் அது பிளக்கும்போது ஷீட்டை இழுக்காது.

விரிப்பதைக் காலையில் முடித்துவிட வேண்டும். ஹெச்டிபிஈ வெயிலில் நன்றாக நீளும். 31 அடி ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கூடிவிடும். உச்சி வெயிலில் கச்சிதமாக இழுத்துப் பொருத்தினால் ராத்திரி சுருங்கி மூலையில் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கும். அந்த மூலையில் நாய் கால் வைத்தால் முடிந்தது. கொஞ்சம் தொய்வாகவே விடுங்கள். கரையிலிருந்து ஓரடி தள்ளி முக்கால் அடிக்கு வாய்க்கால் வெட்டி ஷீட் ஓரத்தை அதில் இறக்கி வையுங்கள், ஆனால் மண்ணைப் போட்டு மூட வேண்டாம். முதலில் தண்ணீர் நிரம்பட்டும். வெறுங்காலோடு இறங்கி மடிப்புகளை ஒதுக்கிக்கொண்டே நிரப்புங்கள். தண்ணீரின் பாரம் ஷீட்டை இழுத்துப் பொருத்தும், அதன் பிறகு வாய்க்காலை மூடலாம். அடியில் வடிகுழாய் வைக்கிறேன் என்று ஷீட்டில் ஓட்டை போடவே கூடாது. ஆழமான மூலையில் நான்கு அங்குலப் பள்ளம் ஒன்று இருந்தால் கசடு அங்கே சேரும், பைப்பை வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இனி ஏறுதளம். கறுப்பு ஷீட்டின் மேல் இரண்டே வாரத்தில் வழுவழுவென்று பாசிப்படலம் வந்துவிடும், நாய் ஏற ஏற வழுக்கும், வழுக்க வழுக்க நகத்தை ஊன்றும். இதற்கு மலிவாகக் கிடைக்கும் தீர்வு மாட்டுக்கொட்டகை ரப்பர் மேட். ஆறரைக்கு நாலு அடி அளவில் கிடைக்கும். அகலவாக்கில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நம் எட்டடி அகலம் சரியாக நிறைந்துவிடும். தண்ணீருக்கு மேல் ஓரடி விட்டு மேட்டைத் தொங்கவிட்டால், கீழ் விளிம்பு ஒன்றே முக்கால் அடி ஆழத்தில் நிற்கும். நீந்தி வரும் நாயின் முன்கால் முதலில் தொடுவது இந்த மேட்டைத்தான்.

இங்கே ஒரு கண்ணி. கடையில் மாட்டு மேட் என்று இரண்டு பொருள் வைத்திருப்பார்கள். ஒன்று கனமான ரப்பர். மற்றொன்று ஈவிஏ என்கிற நுரைப் பொருள். தூக்க லேசாக, பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும். அது மிதக்கும். தண்ணீரில் போட்ட மறுநிமிடம் படகு மாதிரி மேலே வந்து நிற்கும், நாய் அதற்கடியில் மாட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு மூலையில் சின்னத் துண்டு வெட்டித் தரச் சொல்லி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூழ்கினால் வாங்குங்கள். மேட்டின் மேல் ஓரத்தில் துளையிட்டு நைலான் கயிற்றால் வாய்க்காலில் புதைத்த கம்பியோடு கட்ட வேண்டும். ஷீட்டில் ஆணி கூடாது. மேட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஷீட்டிலேயே வெட்டிய மிச்சத் துண்டைக் கொடுங்கள். நடுவில் புகுந்த மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேட்டைத் தூக்கிக் கழுவுவது அவசியம். இந்த வேலை வேண்டாமென்றால், சரிவில் மெத்தைத் துணி விரித்துக் கோழிவலை வைத்து இரண்டு அங்குலம் கான்கிரீட் போடலாம். ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் சிமெண்ட்டின் காரம் போகும்வரை இரண்டு மூன்று முறை நிரப்பி இறைத்துவிட வேண்டும்.

மற்ற மூன்று பக்கங்களிலும் நாய் ஏறப் பார்க்கும். விளிம்பில் கடப்பாக்கல் பதித்துத் தண்ணீருக்கு மேல் இரண்டு அங்குலம் நீட்டிவிட்டால் பிடிமானம் கிடைக்காமல் சரிவுப் பக்கம் திரும்பக் கற்றுக்கொள்ளும். வெயிலில் காயும் கறுப்பு ஷீட்டும் அதனால் மறைந்துவிடும். சித்திரை மத்தியானத்தில் அதில் பாதம் பட்டால் கொப்புளம்தான்.

வேறு பொருட்களோடு ஒப்பிட்டால்: அசோலா என்ற தீவனச் செடி வளர்க்கும் தொட்டிக்கு விற்கும் மெல்லிய ஷீட் இந்த வேலைக்கு ஆகாது. ஈபிடிஎம் ரப்பர் ஷீட் எல்லா விதத்திலும் மேல். மூலையில் துணி போல மடியும், கிழிந்தால் அதற்கான டேப் ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் விலை பல மடங்கு. வாடகை வீடாக இருந்தால் தோண்டவே வேண்டாம், கம்பி வலைக்குள் பிவிசி தார்ப்பாய் வைத்த பயோஃப்ளாக் மீன் தொட்டி போதும். அதற்கு உள்ளேயும் வெளியேயும் சரிவுப் பலகை செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீர்ப் பராமரிப்புக்கு, வடிகட்டியாக 200 லிட்டர் நீல டிரம் ஒன்றும், மணிக்கு 5,000 லிட்டர் மோட்டார் ஒன்றும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருவது; டிரம் உயரத்துக்கு ஏற்றும்போது கணிசமாகக் குறையும். டிரம்முக்குள் பிரஷ், ஸ்பாஞ்ச், அதன்மேல் உடைத்த செங்கல். நாய் முடிதான் முதல் எதிரி, குழாய் வாயில் கொசுவலைப் பை ஒன்றைக் கட்டாவிட்டால் ஸ்பாஞ்ச் வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதில் வளர்ந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும். மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவைத் தின்பது அதுதான். மோட்டாரை நாள் முழுதும் ஓட விட வேண்டும். 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 144 யூனிட் ஏறும். நாய் இறங்கும்போது மட்டும் நிறுத்துங்கள். 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் தண்ணீருக்குள் மோட்டார் வைப்பது கொலைக்குச் சமம்.

பச்சை பெயிண்ட் ஊற்றியது போல மேலே படலம் கட்டினால் நாயை விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கி நாயைக் கொல்லும். மயில்துத்தம் போட்டால் பாசி செத்து நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும், ஆகவே இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதே வழி. கொசுப் புழுவுக்கு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து போதும், அபேட் என்ற ரசாயன மருந்து வேண்டாம். எலி நடமாடும் இடமென்றால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருடந்தோறும் போட்டாக வேண்டும். பக், புல்டாக் போன்ற மூக்குச் சப்பை நாய்களுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இந்தக் குளம் ஆபத்து. பந்து பொறுக்கும் நாய் வாயைத் திறந்துகொண்டே நீந்தித் தண்ணீரை ஏராளமாக விழுங்கும், ரத்தத்தில் உப்பு குறைந்து தள்ளாடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிடுங்கள்.

மட்டம் இறங்குகிறதே, ஓட்டையோ என்று பலர் பதறுவார்கள். கோடையில் ஆவியாகியே தினம் ஆறேழு மில்லிமீட்டர் போகும், இந்தக் குளத்துக்கு அது 80, 90 லிட்டர். சந்தேகமிருந்தால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிச் சரிவின் ஆழமில்லாத பகுதியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியேயும் மட்டத்தைக் குறியுங்கள். ஒருநாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில். வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் ஓட்டை. மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ அந்த உயரத்தைச் சுற்றித் தேடுங்கள். அடைக்க, ஹெச்டிபிஈ வெல்டிங் செய்பவரைச் சூடான காற்றுத் துப்பாக்கியோடு வரவழைக்க வேண்டும். பியூட்டைல் ரப்பர் டேப் அவர் வரும்வரை தாங்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தைக் காலி செய்து இந்த வேலையில் இறங்காதீர்கள்: நிலத்தடி நீர் ஏறி ஷீட்டை அடியிலிருந்து உப்பவைத்துத் தூக்கிவிடும், மணலெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தை பிறக்கட்டும்.