பக்கம் எடுக்கும் கருவியோடு பத்து மாதம்

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அறிவிப்புகளை வாரா வாரம் திரட்டி, ஒரே தாளில் அச்செடுத்து அங்குள்ள பலகையில் ஒட்டுவது நான் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. இருபது தளங்களைத் திறந்து பார்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஏஐ உதவியாளரே அந்தப் பக்கங்களைப் படித்து வந்தால் நன்றாக இருக்குமே என்று பத்து மாதத்துக்கு முன் ஒரு கருவியை இணைத்தேன்.

நான் எடுத்துக்கொண்டது ஃபெட்ச் என்ற சின்ன சர்வர். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்ற, ஏஐ உதவியாளரை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையில் ஓடுவது, இலவசம். முகவரியைக் கொடுத்தால் பக்கத்தை எடுத்து, பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளைக் களைந்து, எளிய உரையாக உதவியாளரிடம் கொடுக்கும். நிறுவ அரை மணி நேரம் போதும். எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, இரண்டு காரணங்களால். கருவியின் விவரத்தை எழுதும் ஜேசன் அமைப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் கருவி வரவில்லை, ஏனென்றால் ஃபெட்சை ஓட்டும் யூவிஎக்ஸ் நிரல் எங்கே இருக்கிறது என்று உதவியாளரின் செயலிக்குத் தெரியவில்லை. அதன் முழுப் பாதையையும் எழுதி, செயலியை மூடித் திறந்ததும் வந்துவிட்டது. ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, செயலியை முழுவதுமாக நிறுத்த வேண்டும்.

முதல் மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போனது. நான்காவது வாரம் ஒரு மாணவி வந்து, "அண்ணா, கடைசித் தேதி 28 என்று போட்டிருக்கிறீர்கள். தளத்தில் 18 என்றுதான் இருக்கிறது" என்றாள். அன்று தேதி 16. நல்லவேளை, அவள் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார்களோ. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருவி எடுத்து வந்த மூல உரையை விரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஃபெட்ச் இயல்பாக ஒரு தடவைக்கு 5000 குறியீடுகள்தான் கொடுக்கும். தமிழில் அது நாம் நினைப்பதைவிடக் குறைவு. 'அறிவிப்பு' என்ற சொல் நமக்கு 5 எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 9 குறியீடு. றகரம் ஒன்று, அதன் மேல் இகரக் குறி இன்னொன்று என்று தனித்தனியாக எண்ணும். தேதி அட்டவணை பக்கத்தின் அடியில் இருந்தது, உரை அதற்கு முன்பே நின்றுவிட்டது. மிச்சத்தைக் கேட்டு வாங்காமல் உதவியாளர் தானாக ஒரு தேதியை நிரப்பியிருக்கிறது.

அதன் பிறகு வேலை முறையை மாற்றினேன். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் உள்ள வரியை அப்படியே எடுத்துக்காட்ட வேண்டும், வரி இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டேன். உரை பாதியில் நின்றால், நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து எடுக்கும் வசதி ஃபெட்சிலேயே உண்டு. அதையும் கட்டாயமாக்கினேன். கடைசியாக, அந்த வரியை மூல உரையில் நானே தேடிப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுகிற வரியும் கற்பனையாக இருக்கலாம் அல்லவா? இதற்கு வாரம் இருபது நிமிடம் கூடுதலாக ஆகிறது, ஆகட்டும்.

சில தளங்களில் ஃபெட்சுக்கு வெறும் பக்கம்தான் கிடைக்கும். அட்டவணையை உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிறகு நிரப்புவதால் முதலில் வரும் எச்டிஎம்எல்லில் ஒன்றுமே இருக்காது. இவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்.சி.பி.யை வைத்திருக்கிறேன். அது உண்மையான உலாவியைத் திறந்து பக்கத்தைப் படிக்கிறது. என் பழைய மடிக்கணினி திணறுவதால், வேறு வழியில்லாத மூன்று தளங்களுக்கு மட்டும் அது. இடையில் ஒரு கட்டணச் சேவையையும் ஒரு மாதம் பார்த்தேன். வேகம்தான், ஆனால் காலியாக வந்த பக்கத்துக்கும் கணக்கில் கழித்தார்கள். விட்டுவிட்டேன்.

இந்தக் கருவிகளால் தீராத சிக்கல், பழைய எழுத்துருவில் வரும் பிடிஎஃப் கோப்புகள். திரையில் அழகான தமிழ் தெரியும், உரையாக எடுத்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இப்படிக் கோப்புகள் வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்த ஏஐ வருவதற்கு முன்பே, திரை வாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற தேர்வர்களுக்கு அந்தக் கோப்புகள் மூடிய கதவாகத்தான் இருந்திருக்கின்றன. இவற்றை நான் கையால் தட்டச்சு செய்கிறேன்.

அப்புறம், ரோபாட்ஸ் கோப்பு. எந்தப் பக்கத்தை இயந்திரங்கள் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தளத்துக்காரர் எழுதி வைக்கும் இந்த ஏற்பாட்டை 1994-இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்தார். 2022-இல்தான் அது முறையான இணையத் தர ஆவணமானது. உதவியாளர் தானாக ஒரு பக்கத்தைக் கேட்டால் ஃபெட்ச் இதை மதித்து நின்றுவிடும். மதிக்காமல் போகச் சொல்லும் அமைப்பும் அதில் உண்டு. நான் அதைத் தொட்டதில்லை. இரண்டு தளங்கள் வேண்டாம் என்கின்றன, அவற்றை நானே உலாவியில் திறந்து படிக்கிறேன். மற்றவற்றையும் ஒரே மூச்சில் கேட்காமல், ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கச் சொல்கிறேன். விண்ணப்பக் கடைசி நாளில் அந்தத் தளங்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

இப்போது ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தில் தாள் தயாராகிவிடுகிறது. அதில் தேதிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், அறிவிப்பில் இருந்த வரியே அங்கே இருக்கும். தேதியைத் திருத்திய அந்த மாணவிதான் ஒட்டுவதற்கு முன் அதைப் படித்துச் சரிபார்க்கிறாள்.