ஸ்கூபா ரெகுலேட்டர் ஹோஸ் (நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியின் காற்றுக் குழாய்): நாமே மாற்றுவதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா?

சிலிண்டரில் பொருத்தும் முதல் நிலைப் பக்கம் என்றால் நானே மாற்றிவிடுவேன். காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகு ஒரு ஸ்பேனர், புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பத்து நிமிடம் போதும். கையால் கடைசிவரை திருகி, ஸ்பேனரால் லேசாக ஓர் இழுப்பு, அவ்வளவுதான். முதல் நிலையின் உடல் பித்தளை, முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும். இன்றைய மாடல்களில் உயர் அழுத்த ஹோஸின் மரை 7/16 அங்குலம், குறைந்த அழுத்த ஹோஸுக்குப் பெரும்பாலும் 3/8. அளவு வேறு என்பதால் மாற்றி மாட்டிவிடுவோமோ என்ற பயம் அதிகம் இல்லை. அப்புறம் சிலிண்டரைத் திறந்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை வேறு கதை. அங்கே இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் காற்று உள்ளே வரும் உள்வழிக் குழாயைப் பிடிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து சுழலும். அப்படிச் சுழன்றால் சில மாடல்களில் காற்று கசியும், மூச்சிழுப்பதும் கடினமாகும். முன்பின் பழகாதவர்கள் இந்த முனையை மெக்கானிக்கிடமே கொடுங்கள்.