பிறப்புச் சான்றிதழா, திருமுழுக்குப் பதிவேடா?

கொழும்பில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர் ஒருவரின் முன்னோரைத் தேடுபவருக்குப் பிரதேச செயலகத்தில் பெறும் பிறப்புச் சான்றிதழும், கொட்டாஞ்சேனை போன்ற பங்குகளின் (ஒரு கோயிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகங்களின்) திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவேடும் முதன்மையான ஆதாரங்கள்.

சான்றிதழின் பலம் அதன் கூடுகளில் (விவரம் நிரப்பும் கட்டங்களில்) இருக்கிறது. தந்தையின் பெயரோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றையும் அது கேட்பதால், குடியுரிமைக்காக வகுக்கப்பட்ட அந்தக் கூடு (தந்தைவழியை மட்டுமே அது கேட்கிறது என்பது வேறு விடயம்) ஒரே தாளில் மூன்று தலைமுறைகளைத் தந்துவிடுகிறது. ஆனால் பிறப்புப் பதிவுச் சட்டம் 1867இல்தான் வந்தது; தொடக்ககாலத்தில் பதியாது விட்டவர்களும் உண்டு.

அதற்கு முந்திய காலத்துக்குப் பங்கின் ஏடே கைகொடுக்கும். அதில் பாட்டனார் பெயரை எதிர்பார்க்க முடியாது. எனினும் ஞானப் பெற்றோராக (திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவராக) நிற்பவர் பெரும்பாலும் மாமனோ சித்தியோ என்பதால், சான்றிதழ் காட்டாத கிளைகள் அங்கே தெரியவரும். பிற்காலத் திருமணம் ஓரக்குறிப்பாக எழுதப்பட்டிருந்தால், அடுத்துத் தேடவேண்டிய பங்கும் கிடைத்துவிடும்.

பிறந்த திகதி தெரிந்தவர் சான்றிதழில் தொடங்குவதே நல்லது. பெயரும் ஊரும் மட்டும் தெரிந்தவர் பங்குப் பணிமனைக்குப் போகலாம். ஒரே பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களையும் எழுதிக்கொண்டு போகவேண்டும்.