அசோக் நகர், கே.கே. நகர் பழைய ஹவுசிங் போர்டு வீடு: வாங்கலாமா?

சென்னை அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் வீட்டு வசதி வாரியம் 1960, 70களில் கட்டிய சின்னத் தனிவீடுகள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விற்பனைக்கு வருகின்றன. கையளவு மனை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் கூரைத் தளம், இரண்டு அறை, பின்பக்கம் ஒரு தென்னை. தெருக்கள் நேர்நேராக, நிழலோடு இருக்கும். 2015 முதல் அசோக் நகரில் மெட்ரோ நிலையமும் உண்டு. கொடுக்கிற காசில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான் போகிறது. அதனாலேயே கட்டடத்தைப் பலரும் கொசுறு மாதிரி பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இடித்துக் கட்டப் போகிறவருக்கு அது போதும். குடிபோக நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தெருவை, அடுத்தது மொட்டை மாடியை.

வாசலில் நின்று, வீட்டின் பேஸ்மட்டம் (உள்தரையின் மட்டம்) தெருவை விட எவ்வளவு உயரம் என்று தண்ணீர் ட்யூப் (மட்டம் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்து அளந்துவிடுங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று படி ஏறிப் போகும்படி கட்டிய வீடுகளுக்குள் இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. தார் மேல் தாராகப் போட்டதன் விளைவு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான்.

தாழ்ந்த வீட்டில் மழைநீரை விடப் பெரிய தொல்லை சாக்கடை. தெருவில் மேன்ஹோல் நிரம்பினால் தண்ணீர் தாழ்வான பக்கம் தேடும். உங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியே மேலே வரும். வளாகத்துக்குள் இருக்கும் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்சுவரில் மூடி வரை கறுப்புக் கோடு இருந்தால் அங்கே அடிக்கடி தேங்குகிறது. சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்ப்பை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, மட்டத்தைக் குறித்துவைத்து மறுநாள் காலை பார்த்தால் கசிவு தெரியும். அது கசிந்தால் நல்ல தண்ணீர் வெளியே போவது மட்டுமில்லை, மழைக்காலத்தில் வெளித் தண்ணீரும் உள்ளே வரும்.

2015 டிசம்பர் வெள்ளம் இந்தப் பகுதியை விட்டுவைக்கவில்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று உரிமையாளரைக் கேட்பதை விட எதிர்வீட்டில் கேட்பது நல்லது. மீட்டர் பெட்டியைப் பிற்பாடு உயரத்தில் மாற்றியிருந்தால் அதுவே பாதி பதில்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாம் என்பார்கள். தூக்கலாம், ஆனால் சுவரும் தளமும்தான் எழும்பும். தரை, கழிவறை, குழாய், படி எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். தூக்குவதற்கு மட்டும் சொல்லும் தொகையை முழுச் செலவாக எண்ணிவிடக் கூடாது. தளம் பழுதான வீட்டைத் தூக்குவதோ வீண் செலவு.

தளத்தின் கதை இது. நாற்பது ஐம்பது வருஷத்தில் கான்கிரீட்டின் காரத்தன்மை வெளிப்பரப்பிலிருந்து உள்ளாகக் குறைந்துகொண்டே போகும். அது கம்பி வரை எட்டியதும், ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால் அடிப்பூச்சைத் தள்ளி உடைக்கிறது. சமையலறை, குளியலறை, பரண், சன்ஷேடின் அடிப்பக்கம் ஆகிய நான்கிலும்தான் இது முதலில் தெரியும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும்; விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். கம்பி நெடுகக் கோடு போன்ற விரிசல் இருந்தால், மேலே சிமென்ட் பூசி மறைப்பது சில மழைக்குக்கூடத் தாங்காது. ஒரு மூலையில் மட்டும் என்றால் உடைத்து, துரு நீக்கிச் சரிசெய்யலாம். ஒரு அறை முழுக்கப் பொத்தென்றால் பொறியாளரைக் கூட்டி வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சந்தேகப்படுவது நியாயம்.

இனி மாடிக்கு ஏறுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருப்பார்கள். ஒழுகியதும் அதைப் பெயர்க்காமல் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது நம் ஊர் வழக்கம். 600 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கலவை என்றால் ஐந்தரை டன்னுக்குக் குறையாத எடை, துரு பிடித்த கம்பியின் தலையில். வாசற்படி விளிம்பில் எத்தனை அடுக்கு தெரிகிறது என்று எண்ணுங்கள். எட்டடிக்கு ஒரு அங்குலம் சரிவு வேண்டும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தேங்குகிறதா, ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் போன தூரத்தையும் பாருங்கள்.

இந்த வீடுகளில் தூண் கிடையாது, சுவர்தான் சுமக்கிறது. ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுத்திருக்கிறார்களா, மேலே அனுமதியில்லாமல் மாடி ஏற்றியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். அனுமதியில்லாத மாடியை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடக்கூடும்.

சுவரில் அடிப்பக்கம் மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறியிருக்கிறது. சுவரலமாரிக்குள் பாருங்கள், அங்கே உப்பு பூத்திருக்கும். டைல்ஸ் ஒட்டினால் ஓதம் நிற்காது, டைல்ஸுக்கு மேலே போய் வெளிப்படும். உள்கதவு நிலைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் கரையான் தெரியும். வயரிங்கில் யோசிக்கவே வேண்டாம். எர்த் இல்லாத பழைய ஒயரை முழுக்க மாற்றி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடும் செலவைப் பேரத்திலேயே கழித்துவிடுங்கள். இரும்புத் தண்ணீர்க் குழாய்களுக்கும் இதே கணக்குதான்.

பத்திரத்தில் இந்த வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒதுக்கீட்டு ஆணையும் தவணை ரசீதும் இருக்கும், வாரியம் எழுதிக் கொடுத்த விற்பனைப் பத்திரம் இருக்காது. நடுவில் பவர் பத்திரம் (பொது அதிகாரப் பத்திரம்) மூலம் கைமாறியிருந்தால், முதல் ஒதுக்கீட்டாளரின் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்றை முதல் ஒதுக்கீடு வரை பின்னோக்கி எடுத்து, பட்டாவின் அளவையும் மனையை டேப் பிடித்து அளந்ததையும் ஒப்பிடுங்கள். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் பட்ஜெட்டில் தனியே நிற்கட்டும். ரிப்பேர் பணத்தை அதற்குள் போட்டு மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.