கார் பழகிய கைகால்களுக்கு எந்த வண்டி: ஸ்கூட்டரா, சின்ன கியர் பைக்கா, நேராகப் பெரிய பைக்கா?

கார் ஓட்டத் தெரிந்தவர் இரு சக்கர வண்டிக்கு வரும்போது சாலை அவருக்குப் புதிதில்லை. எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் ஒடிப்பார், நின்றிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து யார் ஓடி வருவார் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கும். பழகாதவை கையும் காலும்தான். ஆகவே எந்த வண்டி சுலபம் என்று கேட்பதற்கு முன்னால், திடுக்கிட்ட நொடியில் காரில் ஊறிய கைகால்கள் எந்த வண்டியில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

கிளட்ச் உள்ள காரில் ஆபத்து என்றால் இரண்டு காலும் சேர்ந்து மிதிக்கும்: வலது கால் பிரேக், இடது கால் கிளட்ச். அதே மிதியை கியர் பைக்கில் போட்டுப் பாருங்கள். வலது கால் மிதிப்பது முக்கியமாகப் பின் பிரேக்கைத்தான். அழுத்தி மிதித்தால், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒருபக்கம் வழுக்கும். இடது கால் மிதிப்பது கியர் லீவர். பெரும்பாலான வண்டிகளில் ஒரு கியர் கீழே இறங்கும். கிளட்ச் பிடிக்காததால் என்ஜின் அலறும், பின் சக்கரம் இன்னும் இழுபடும். வண்டியை உண்மையாக நிறுத்தக்கூடிய முன் பிரேக்கோ வலது கை விரலடியில் சும்மா இருக்கும். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் விசையில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் சக்கரத்தில்தான் கிடைக்கிறது.

ஸ்கூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. காலால் எவ்வளவு மிதித்தாலும் அது தரைப்பலகைதான். வலது லீவர் முன் பிரேக், இடது லீவர் பின் பிரேக், கியர் கிடையாது. அரை நாளில் ஒருவர் ஓட்டிவிடலாம். ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்டியவருக்கு இது இன்னும் இயல்பாக வரும். ஏற்றத்தில் நின்று கிளம்புவதும் எளிது: இடது கை பின் பிரேக்கைப் பிடித்திருக்க, வலது கை மெல்லத் திருகினால் போதும்.

ஆனால் ஸ்கூட்டர் தரும் தைரியத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. காரில் பயந்து காலை எடுத்தால் ஆக்சிலரேட்டர் தானே விடுபடும். ஸ்கூட்டரில் பயந்தால் உடம்பு பின்னால் சாயும், கை ஹேண்டில்பாரை இறுகப் பற்றும், மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்கும். உள்ளே இருப்பது மையவிலக்கு கிளட்ச். என்ஜின் சுழற்சி கூடினால் அது தானே பற்றிக்கொள்ளும். அதை விடுவிக்க கையில் லீவர் கிடையாது. வண்டி பாயும். கியர் பைக்கில் இதே தவறு நேர்ந்தாலும் இடது கை கிளட்ச்சை இழுத்துவிட்டால் சக்கரத்துக்குப் போகும் விசை அந்த நொடியே அறுந்துவிடும். மின்சார ஸ்கூட்டரில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நின்ற இடத்திலேயே முழு இழுவை கிடைக்கும், சத்தமும் வராது. எதில் பழகினாலும் மணிக்கட்டை முழங்கைக்கு நேராக, தட்டையாக வைத்துப் பிடியுங்கள். தூக்கி வளைத்துப் பிடித்தால் முதல் குலுக்கலிலேயே ஆக்சிலரேட்டர் திருகிக்கொள்ளும்.

சக்கர அளவும் சும்மா விடக்கூடிய விஷயமில்லை. ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம், பைக்குகளில் 17 அல்லது 18. பைக் தாண்டிப்போகிற குழிக்குள் ஸ்கூட்டர் சக்கரம் இறங்கி ஏறும். காரின் நான்கு சக்கரங்களையும் சஸ்பென்ஷனையும் நம்பிக் குழியைக் கவனிக்காமல் ஓட்டிப் பழகியவர் முதலில் அடிபடுவது இங்கேதான். எடையும் பின்பக்கமே கூடுதல் என்பதால் ஹேண்டில் லேசாக, சற்றுப் பதறுகிற மாதிரி இருக்கும்.

இனி 100 முதல் 125 சிசி வரையிலான கியர் பைக். எடை பெரும்பாலும் 110 முதல் 125 கிலோ. ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதல் நாள் கஷ்டமாக இருக்கும் என்பது உண்மை. கிளட்ச் கார் ஓட்டியவருக்கு ஒரு பாதி ஏற்கெனவே தெரியும்: கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று உணரத் தெரியும். அந்த அறிவு காலிலிருந்து இடது கைவிரலுக்கு இடம் மாற வேண்டும்.

அதற்கு ஒரே பயிற்சி போதும். சமதளமான காலி இடம், இரண்டு காலும் தரையில், முதல் கியர், ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. கிளட்ச்சை முடி அளவு முடி அளவாக விடுங்கள். என்ஜின் சத்தம் லேசாகத் தாழ்ந்து வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அரை மீட்டர் நகர்ந்ததும் லீவரை முழுதாக இழுத்து நிறுத்துங்கள். இதையே 20, 30 முறை. விரல்களுக்கு அந்த இடம் தெரிந்த பிறகுதான் ஆக்சிலரேட்டர். பலர் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கிளம்பப் பார்ப்பதால்தான் வண்டி பத்து தடவை அணைகிறது, இல்லாவிட்டால் குதிரை மாதிரி துள்ளுகிறது.

இங்கே கார் சொல்லிக்கொடுத்த ஒரு நல்ல பாடத்தை மறக்க வேண்டும். ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே, தட்டு கருகிவிடும் என்பது காருக்குச் சரி. அதில் உலர்ந்த ஒற்றைத் தட்டு. பெரும்பாலான பைக்குகளில் பல தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். நடை வேகத்தில் போகும்போதும் யூ-டர்ன் எடுக்கும்போதும் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து ஓட்டுவதுதான் சரியான முறை. கார் பழக்கத்தில் முழுசாக விட்டுவிட்டால் வண்டி முட்டி முட்டிப் போய் அணைந்து, திருப்பத்தின் நடுவில் கவிழும்.

கியர் மாற்றுவதிலும் வித்தியாசம் உண்டு. காரில் நான்காவதிலிருந்து நேராக நியூட்ரலுக்கு வந்து நின்றுவிடலாம். பைக்கில் படிப்படியாகத்தான் இறங்க முடியும், அதுவும் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே. நின்ற பிறகு மிதித்தால் உள்ளே பற்கள் நேர்படாமல் கியர் மாட்டிக்கொள்ளும். அப்போது கிளட்ச்சைத் துளி விட்டோ வண்டியை முன்பின் ஆட்டியோதான் இறக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில். சில சின்ன பைக்குகளில் எல்லாக் கியரும் கீழே மிதிக்கிற அமைப்பு. இரவல் வண்டியில் பழகுகிறவர் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளட்ச் லீவர் இல்லாமல், காலால் கியர் மட்டும் மாற்றுகிற நடுத்தர வகையும் உண்டு. ஹோண்டா 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப் அந்த வகை. பிரேக்குகள் பைக் மாதிரியே வலது கையிலும் வலது காலிலும் இருப்பதால், கிடைத்தால் நல்ல முதல் படி.

350 சிசி அளவிலான பைக்கில் நேராக ஏறலாமா? நிறைய பேர் கேட்பது, ஏனென்றால் கடைசியில் வாங்கப்போவது அதைத்தான். அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: பலவற்றில் இருக்கும் நீள ஸ்ட்ரோக் என்ஜின் (பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவது) குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுப்பதால் கிளட்ச் தவறினாலும் சட்டென்று அணையாது. பிரச்சினை எடை. இந்த வகையில் பல பைக்குகள் 180 கிலோவுக்கு மேல். 110 கிலோ வண்டி சாய்ந்தால் ஒரு காலால் தாங்கிவிடலாம். 180 கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் எந்தக் காலும் தாங்காது. தாங்கப் பார்த்தால் முட்டி போகும். புதியவர் விழுவது பெரும்பாலும் நிற்கப்போகும் தருணத்தில்: ஹேண்டில் திரும்பியிருக்கும், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட இருக்காது, வலது கை முன் பிரேக்கைப் படக்கென்று பிடிக்கும், வண்டி திரும்பிய பக்கமே சரியும். ஹேண்டில் நேரான பிறகே முன் பிரேக் என்பது விரலில் ஊறும்வரை கனமான வண்டி வேண்டாம்.

காரில் இல்லாத, எந்த வண்டியிலும் மறக்கிற சில்லறைகள்: பெரும்பாலான வண்டிகளில் இண்டிகேட்டர் தானாக அணையாது. பெரும்பாலும் ரிவர்ஸ் இல்லாததால் சரிவில் சுவரைப் பார்த்து நிறுத்தினால் வெளியே எடுக்க முடியாது. ஹேண்ட் பிரேக்கும் பல வண்டிகளில் இல்லை. பைக்கை முதல் கியரில் போட்டு நிறுத்தலாம், ஸ்கூட்டரில் அதுவும் முடியாது. கண்ணாடியில் தெரியாததைத் தலை திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் முடிவு இதுதான். அருகில் கடைக்கும் வேலைக்கும் மட்டும் போய்வர ஸ்கூட்டர், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கியர் பைக்கில் போகும் எண்ணம் துளி இருந்தாலும் முதல் நாளே 100 முதல் 125 சிசி கியர் பைக்கில் தொடங்குங்கள், பெரியது பிறகு. பல நாடுகளில் கியரில்லா வண்டிக்கான உரிமம் கியர் வண்டிக்குச் செல்லாது என்பதும் இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இடது கை. ஸ்கூட்டரில் இடது லீவர் என்றால் பிரேக். கியர் பைக்கில் அதே விரல் இழுப்பது கிளட்ச். அவசரத்தில் அதை மட்டும் இழுத்தால் வண்டி நிற்காது, என்ஜின் பிடித்திருந்த கொஞ்ச இழுப்பும் போய் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஏற்கெனவே ஸ்கூட்டரில் பழகிவிட்டவர் கியர் பைக் எடுத்தால், சாலைக்குப் போகுமுன் காலி இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் நேராக வந்து, ஹேண்டில் நேராக இருக்க, வலது கை இரண்டு விரலால் முன் பிரேக்கை மெல்லத் தொட்டுப் படிப்படியாக இறுக்கி நிறுத்துங்கள். வலது கால் லேசாகப் பின் பிரேக். வண்டி முக்கால்வாசி நின்ற பிறகுதான் இடது கை கிளட்ச், பிறகு இடது கால் தரையில். ஒரு நாளைக்கு 30 முறை வீதம் ஒரு வாரம், பிறகு வேகத்தை 30-க்கு ஏற்றுங்கள்.