சேலத்தில் வாங்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் ரிப்பன் செட்: சுழல் இணைப்பை (சுவிவல்) பார்த்து வாங்குங்கள்

2008 பெய்ஜிங், 2012 லண்டன் என இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்று ஓய்வுபெற்ற ரஷ்ய ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (இசைக்கேற்ப ரிப்பன், வளையம் சுழற்றி ஆடும் விளையாட்டு) வீராங்கனை யெவ்ஜீனியா கனயேவாவின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ரிப்பன் கேட்கும் பிள்ளைகள் அதிகம். ஐந்து ரோடு பக்கம் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் இந்த செட் பழக ஏற்றது, போட்டிக்கு ஆகாது.

போட்டி விதிப்படி சீனியர் பிரிவு ரிப்பன் 6 மீட்டர் நீளம், 4 முதல் 6 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். குச்சி இல்லாமல் குறைந்தது 35 கிராம். இதில் நீளம் சரி, எடைதான் உதைக்கிறது. வீட்டுத் தராசு இதற்குச் சரிவராது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசு கிடைத்தால் உத்தமம். எடை குறைந்த துணி சுருள் போடும்போது நுனிவரை அலை போகாமல் நடுவிலேயே தொய்ந்து முடிச்சு விழும்.

பெரிய குறை சுவிவல். குச்சியையும் ரிப்பனையும் இணைக்கும் அந்தச் சின்ன உலோக வளையம் சுழலாமல் இறுகினால் ரிப்பன் கயிறாய் முறுக்கிக்கொள்ளும். தூண்டில் கடையில் விற்கும் சுவிவலை மாட்டினால் சரியாகிவிடும். குச்சி 56 செ.மீ., பிடி வழுக்கவில்லை.

மடித்து வைக்காதீர்கள். அட்டைக் குழாயில் சுற்றி வையுங்கள். சுருக்கத்துக்கு மிதமான சூட்டில் இஸ்திரி போதும். ஏற்காட்டில் பழகுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: பனிமூட்ட நாளில் சாட்டின் ஈரம் இழுத்துக் கனத்து ஒட்டும். சேலத்திலோ மின்விசிறியை நிறுத்தாமல் பழகவே முடியாது. வேர்க்கும்தான், வேறு வழியில்லை.

செட்டில் கூடவே தரும் பெரிய வளையத்தை (ஹூப்) ஒதுக்கிவிடலாம். போட்டி வளையத்துக்கு வேண்டிய 300 கிராம்கூட இல்லாத ஹூலா ஹூப் அது.