டெல்டாவின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என எந்த மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாலும் சேவை ஒன்றுதான்: பதிவு, புதுப்பித்தல், தனியார் துறை முகாம், தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி, வேலையற்றோருக்கான உதவித்தொகை. கட்டணம் இல்லை. போகிறவரின் வேலையின்மை எந்த வகை என்பதைப் பொறுத்தே பலன்.

படிப்பு முடித்து முதல் வேலை தேடுபவருக்கும், வேலை மாறுபவருக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். இது பிறழ்ச்சி வேலையின்மை. வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், சேர்த்துவைக்கத்தான் இடம் வேண்டும். முகாமுக்குச் சுயவிவரமும் சான்றிதழ் நகல்களும் நாலைந்து செட் கொண்டுபோங்கள். ஒரே நாளில் பல கம்பெனிகளின் நேர்காணலுக்குப் போகலாம்.

கோளாறு சுழற்சி வேலையின்மையில்தான், அதாவது பொருளாதார மந்தத்தால் வரும் வேலையிழப்பில். டெல்டாப் பிள்ளைகள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மந்தம் வந்தால் முதலில் ஆர்டர் குறையும், பிறகு ஓவர்டைம் நிற்கும், அப்புறம் ஷிப்ட் குறையும், கடைசியில்தான் ஆள்குறைப்பு. மீட்சியிலும் இதே தாமதம்: இருக்கிற ஆளுக்கு ஓவர்டைம் கொடுத்துச் சமாளித்துவிட்டுத்தான் புது ஆள் எடுப்பார்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க மந்தம் ஒன்று 2009 ஜூனில் முடிந்தது. அங்கே வேலையின்மை 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டதோ அக்டோபரில்.

அப்படி வேலை போய் ஊர் திரும்பியவர் உதவித்தொகை கேட்டால், பதிவு செய்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அந்த மந்தம் நீடித்ததே 18 மாதம்! தொகையும் சொற்பம்: பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600. அதுவும் 3 ஆண்டுதான்; பட்டதாரிக்கு மொத்தமே 21,600 ரூபாய். சரிவில் குடும்பச் செலவைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய பணம், சரிவு போனபிறகு வருவதில் என்ன பயன்? காத்திருப்புக் காலத்தைக் குறைக்காதவரை இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் போட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் பதிவு ஓராண்டு இருந்தால் போதும். அது நியாயமான விதி.

சம்பா அறுப்பு முடிந்து குறுவை நடவு வரை சும்மா இருக்கும் விவசாயக் கூலிகளுக்கு இங்கே ஒன்றுமில்லை. இந்தப் பருவகால வேலையின்மைக்கு, ஊரக வேலைத் திட்டத்தில் வேலை கேட்க ஊராட்சி அலுவலகம்தான் வழி. அறுவடை இயந்திரம் பறித்த வேலையோ எந்த மீட்சியிலும் திரும்பாது; அது அமைப்புசார் வேலையின்மை, அதற்கு ஐ.டி.ஐ. மாதிரிப் புதுத் தொழில் பயிற்சிதான் வேண்டும்.

விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், வயது 40க்குள் (எஸ்.சி., எஸ்.டி. 45) இருக்க வேண்டும். கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. தொலைதூரக் கல்வி பரவாயில்லை. பலரும் கோட்டைவிடுவது புதுப்பித்தலை. 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யாவிட்டால் பதிவுமூப்பு போய், 5 ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். தொகை வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். தவறினால் பணம் நின்றுவிடும்.